தட்டணு மருந்துகள்: நிறுத்திய பிறகும் எத்தனை நாள் வேலை செய்யும்?

பல் பிடுங்கப் போனாலும், குடலிறக்க அறுவைக்குப் போனாலும் முதலில் வரும் கேள்வி, "ரத்தம் மெலியும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்பதுதான். ஆமாம் என்றால் ஒருவரை 3 நாள் நிறுத்தச் சொல்வார்கள், இன்னொருவரை 5 நாள், வேறொருவரை 7 நாள். நான்காமவரிடம் நிறுத்தவே கூடாது என்பார்கள். எல்லாமே "ரத்தம் மெலிய" என்று கொடுத்த மாத்திரைகள்தானே, ஏன் இந்த வேறுபாடு? இந்த எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று தெரிந்துகொண்டால், மாத்திரை மறந்த நாளிலும், மருந்து மாற்றும்போதும், ரத்தம் கசியும்போதும் என்ன செய்யச் சொல்கிறார்கள், ஏன் சொல்கிறார்கள் என்பது விளங்கும். தேதியை முடிவு செய்ய வேண்டியவர் இதய மருத்துவர். அவரிடம் சரியான கேள்வியைக் கேட்பதற்கு இந்தக் கணக்கு உதவும்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்வோம். இந்த மாத்திரைகளால் ரத்தம் தண்ணீராவதில்லை. காயத்தை அடைக்க ரத்தத்தில் சுற்றும் நுண்ணிய அணுக்களான தட்டணுக்கள் (பிளேட்லெட்) ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாவதைத்தான் இவை தடுக்கின்றன. வார்ஃபரின், ஹெப்பாரின் போன்றவை வேறு இனம்; அவை ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களின் மேல் வேலை செய்பவை. இரண்டையும் ஒரே பெயரில் அழைப்பதால் பிழைகள் நடக்கின்றன. வார்ஃபரினுக்குப் பார்க்கும் ஐ.என்.ஆர். பரிசோதனையில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல் போன்ற தட்டணு மாத்திரைகளின் வேலை தெரியாது. "ஐ.என்.ஆர். சரியாக இருக்கிறது, அறுவை செய்யலாம்" என்று இந்த மாத்திரைக்காரருக்குச் சொல்வதில் பொருளில்லை.

இரண்டே கேள்விகள்

எந்தத் தட்டணு மருந்தானாலும் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். ஒன்று, அது தட்டணுவைப் பூட்டுவது நிரந்தரமாகவா, தற்காலிகமாகவா? இரண்டு, மருந்து எவ்வளவு நேரம் ரத்தத்தில் சுற்றுகிறது? மருந்தின் அரை ஆயுளை (ரத்தத்தில் அதன் அளவு பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை) மட்டும் பார்த்து நாள்கணக்குப் போடுபவர்கள் ஏமாந்துபோவது முதல் கேள்வியை விட்டுவிடுவதால்தான்.

தட்டணுவுக்கு உட்கரு கிடையாது. அதனால் கெட்டுப்போன நொதியையோ, வெளியிலிருந்து செய்தி வாங்கும் ஏற்பியையோ அதனால் புதிதாகச் செய்துகொள்ள முடியாது. ஒருமுறை நிரந்தரமாகப் பூட்டப்பட்ட தட்டணு, தன் 7 முதல் 10 நாள் ஆயுள் முடியும்வரை பூட்டப்பட்டேதான் சுற்றும். எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு தட்டணுக்களைப் புதிதாக அனுப்புகிறது. ஆகவே மாத்திரையை நிறுத்திய 3ஆம் நாள் சுமார் 30 சதவீதமும், 5ஆம் நாள் பாதியும், 7ஆம் நாள் 70 சதவீதமும் புதிய, பூட்டப்படாத தட்டணுக்களாக இருக்கும். அறுவைக்கு முன் சொல்லப்படும் நாள்கணக்குகள் பெரும்பாலும் இந்தப் பத்து சதவீதத்திலிருந்து பிறந்தவை.

ஆஸ்பிரின்: 20 நிமிட மருந்து, ஒரு வார வேலை

ஆஸ்பிரினின் அரை ஆயுள் 15 முதல் 20 நிமிடம்தான். அந்தச் சிறு நேரத்துக்குள் தட்டணுவின் காக்ஸ்-1 நொதியில் ஓர் அசெட்டைல் தொகுதியை ஒட்டிவிட்டுப் போய்விடுகிறது. அதன்பின் அந்தத் தட்டணுவால் த்ராம்பாக்சேன் ஏ2 என்ற "வா, ஒட்டு" என்னும் செய்தியை அனுப்ப முடியாது. த்ராம்பாக்சேனுக்கு மூலமான புரோஸ்டாகிளாண்டின் உற்பத்தியை ஆஸ்பிரின் தடுக்கிறது என்று பிரிட்டிஷ் மருந்தியலாளர் ஜான் வேன் 1971இல் காட்டினார். 1982இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

நாளைக்கு 75 மி.கி. போதும் என்பதற்கும் காரணம் இந்த ஒட்டுதான். நேற்றைய மாத்திரை பூட்டிய தட்டணுக்கள் இன்றும் பூட்டியே இருப்பதால், இன்றைய மாத்திரைக்குப் புதிதாக வந்தவற்றை மட்டும் பூட்டினால் போதும். 300 மி.கி.யை அன்றாடம் விழுங்கினால் தட்டணுவுக்குக் கூடுதல் பலன் இல்லை, இரைப்பைக்குக் கெடுதல் உண்டு.

மாரடைப்பு வந்த நேரத்தில் கணக்கு வேறு. அப்போது எல்லாத் தட்டணுக்களையும் உடனே பூட்ட வேண்டும். அதற்கு 300 முதல் 325 மி.கி. ஆஸ்பிரினை மென்று விழுங்க வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் எக்கோஸ்ப்ரின் போன்ற மாத்திரைகளுக்கு வயிற்றில் கரையாத மேலுறை உண்டு; குடலுக்குப் போன பிறகே கரையும். அப்படியே விழுங்கினால் மணிக்கணக்கில் தாமதமாகலாம். வேறு மாத்திரை இல்லையென்றால் அதையே நன்றாக மென்றுவிட வேண்டும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவருக்கும், ரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கும் இது பொருந்தாது. முகம் கோணி, கை விழுந்து, பேச்சுக் குழறினால் வீட்டில் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. அது அடைப்பா, மூளைக்குள் ரத்தக்கசிவா என்பது சி.டி. ஸ்கேன் எடுத்த பிறகே தெரியும்.

தமிழ்நாட்டில் 2023இல் தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், நெஞ்சுவலியோடு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருபவருக்கு முதல் வேளையாகக் கொடுப்பது 14 மாத்திரைகள்: ஆஸ்பிரின் 150 மி.கி. 2, க்ளோபிடோக்ரெல் 75 மி.கி. 4, கொழுப்பைக் குறைக்கும் அடோர்வாஸ்டாடின் 10 மி.கி. 8. "இத்தனை மாத்திரையா?" என்று திகைக்கிறவர்கள் உண்டு. க்ளோபிடோக்ரெலில் ஏன் நான்கு என்பதை அடுத்து பார்க்கலாம்.

க்ளோபிடோக்ரெல், பிரசுகிரெல்: கல்லீரல் திறக்கும் பூட்டுகள்

இவை இரண்டும் தட்டணுவின் பி2ஒய்12 ஏற்பியை நிரந்தரமாகப் பூட்டுபவை. ஆனால் விழுங்கும் வடிவத்தில் இவை செயலற்றவை. கல்லீரலின் நொதிகள் இவற்றை மாற்றியமைத்தால்தான் வேலை தொடங்கும்.

க்ளோபிடோக்ரெலில் சுமார் 85 சதவீதம் பயனற்ற பொருளாகச் சிதைந்துபோகிறது. மிச்சமிருக்கும் 15 சதவீதம்தான் இரண்டு படிகளில் செயல்படும் பொருளாகிறது. அதனால்தான் தினம் ஒரு 75 மி.கி. மாத்திரையோடு தொடங்கினால் முழுப் பலன் கிடைக்க 3 முதல் 7 நாள் ஆகும். மாரடைப்பில் அவ்வளவு காத்திருக்க முடியாது. எனவே 300 மி.கி., அதாவது 75இல் நான்கு. ஸ்டென்ட் (அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழாய்) வைக்கப் போகிறார்கள் என்றால் 600 மி.கி. அப்படியும் 600 மி.கி.க்கு 2 மணி நேரமாவது வேண்டும், 300 மி.கி.க்கு இன்னும் அதிகம்.

இந்தக் கல்லீரல் வேலையில் சிஒய்பி2சி19 என்ற நொதிக்குப் பெரும் பங்கு. பிறவியிலேயே அந்த நொதி மந்தமாக உள்ளவர்கள் ஆசியர்களிடையே கணிசமாக உண்டு. அவர்களுக்கு மாத்திரை தவறாமல் போட்டாலும் தட்டணு சரியாகப் பூட்டாது. நொதி நன்றாக இருப்பவருக்கும் ஒமிப்ரசோல், எசோமிப்ரசோல் என்ற வயிற்றுப்புண் மாத்திரைகள் அதே நொதியைத் தடுத்துவிடும். மருந்துக் கடையில் "கேஸுக்கு ஒன்று கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான். வயிற்றுப் பாதுகாப்பு தேவைப்பட்டால் பெரும்பாலும் பான்டோப்ரசோல் எழுதுவார்கள். சீட்டில் அது இருந்தால் கடையில் மாற்றிக் கொடுப்பதை ஏற்காதீர்கள்.

பிரசுகிரெல் இந்தச் சிக்கலைத் தாண்டியது. 60 மி.கி. முதல் வேளை, பிறகு தினமும் 10 மி.கி.; அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் பிடித்துவிடும். கல்லீரலில் வீணாவது குறைவு என்பதால் பூட்டும் வலுவானது, ரத்தக்கசிவும் அதிகம். முன்பு பக்கவாதமோ தற்காலிகப் பக்கவாதமோ வந்தவருக்கு இது கூடாது. 75 வயதைத் தாண்டியவருக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். எடை 60 கிலோவுக்குக் கீழ் என்றால் 5 மி.கி.யாகக் குறைப்பார்கள்.

இரண்டும் நிரந்தரப் பூட்டுதான் என்றால் ஏன் ஒன்றுக்கு 5 நாள், மற்றதற்கு 7 நாள்? க்ளோபிடோக்ரெல் பூட்டுவதே அரைகுறையாக என்பதால், 5 நாளில் வரும் புதிய தட்டணுக்கள் போதுமானவை ஆகின்றன. பிரசுகிரெல் ஏறத்தாழ எல்லாவற்றையும் பூட்டியிருப்பதால் இன்னும் இரண்டு நாள் புது வரவு வேண்டும்.

டிகாக்ரெலார்: உட்கார்ந்து எழுந்து போகிற மருந்து

ப்ரிலின்டா என்ற பெயரில் பலர் அறிந்த இது, அதே பி2ஒய்12 ஏற்பியைத்தான் தடுக்கிறது, ஆனால் பூட்டுவதில்லை. ரத்தத்தில் மருந்து இருக்கும்வரை ஏற்பியில் உட்கார்ந்திருக்கும், அளவு குறையக் குறைய எழுந்து போகும். கல்லீரல் மாற்றியமைக்க வேண்டிய தேவை இல்லை. முதல் வேளை 180 மி.கி., பிறகு 90 மி.கி. காலை ஒன்று, இரவு ஒன்று. அரை ஆயுள் சுமார் 7 மணி நேரம். அதிலிருந்து உண்டாகும் செயல்படும் பொருளுக்கு 9 மணி. அதனால்தான் இரண்டு வேளை.

இதிலிருந்து வரும் முக்கியமான பாடம் மறதியைப் பற்றியது. க்ளோபிடோக்ரெலில் ஒரு வேளை மறந்தால் அன்று புதிதாக வந்த பத்து சதவீதத் தட்டணுக்கள் மட்டுமே தப்பும். டிகாக்ரெலாரை ஒரு நாள் முழுக்க விட்டால் பழைய தட்டணுக்களும் சேர்ந்து விடுபடத் தொடங்கும். புது ஸ்டென்ட் உள்ளவருக்கு அது பெரிய இடைவெளி. இரவு வேளையை அடிக்கடி மறப்பவர் அதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். தினம் ஒரு வேளை மருந்துக்கு மாற்றுவதே அவருக்குப் பாதுகாப்பாக இருக்கலாம்.

மறந்தது நினைவுக்கு வந்தால்: க்ளோபிடோக்ரெல் 12 மணி நேரத்துக்குள் என்றால் உடனே போட்டுக்கொள்ளலாம், அதற்கு மேல் என்றால் அடுத்த வேளையை வழக்கமான நேரத்தில் போட வேண்டும். டிகாக்ரெலாரில் மறந்ததை விட்டுவிட்டு அடுத்த வேளையை அதன் நேரத்தில். எதிலும் இரண்டு மாத்திரை சேர்த்துப் போடக் கூடாது.

டிகாக்ரெலாரோடு சேரும் ஆஸ்பிரின் நாளைக்கு 100 மி.கி.யைத் தாண்டக் கூடாது. தாண்டினால் டிகாக்ரெலாரின் பலன் குறைகிறது. கிருமிக்கொல்லியான கிளாரித்ரோமைசின், பூஞ்சை மருந்தான கீட்டோகொனசோல் ஆகியவை இதை ரத்தத்தில் ஏற்றிவிடும். காசநோய்க்குக் கொடுக்கும் ரிஃபாம்பிசின் இறக்கிவிடும். இன்னொன்று மூச்சு வாங்குவது. மருந்து தொடங்கிய சில நாளில் பலருக்கு லேசான மூச்சுத்திணறல் வரும். பெரும்பாலும் தானே அடங்கும், நுரையீரலுக்குக் கேடில்லை. ஆனால் இதயம் பலவீனமானாலும் மூச்சு வாங்கும் என்பதால், "மாத்திரையால்தான்" என்று வீட்டில் முடிவுகட்டாமல் ஒருமுறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். பயந்து தானே நிறுத்திவிடுவதுதான் மிக மோசமான முடிவு.

ஊசி வழி மருந்துகள்

இவை மருத்துவமனைக்குள் மட்டும். கேங்க்ரெலாரின் அரை ஆயுள் 3 முதல் 6 நிமிடம். சொட்டை நிறுத்திய ஒரு மணி நேரத்தில் தட்டணு பழைய நிலைக்கு வந்துவிடும். ஸ்டென்ட் வைக்கும்போது கிலோவுக்கு 30 மைக்ரோகிராம் ஒரே ஊசியாகவும், பிறகு நிமிடத்துக்குக் கிலோவுக்கு 4 மைக்ரோகிராம் சொட்டாகவும் தருவார்கள்.

டிரோஃபிபான், எப்டிஃபிபடைட் இரண்டும் தட்டணுக்கள் கைகோத்துக்கொள்ளும் கடைசிப் படியையே தடுப்பவை. அரை ஆயுள் 2 முதல் 2.5 மணி, நிறுத்திய 4 முதல் 8 மணி நேரத்தில் வேலை முடியும். சிறுநீரகம் பழுதானவருக்கு மட்டும் தங்கிப்போகும், அளவைக் குறைக்க வேண்டும். டிரோஃபிபானின் வடிவத்துக்கு முன்மாதிரி, நம் ஊர்ப் பொட்டல்களில் திரியும் சுருட்டை விரியன் இனத்தின் நஞ்சிலிருந்த ஒரு புரதம். கடித்தால் ரத்தம் நிற்காமல் ஒழுகவைக்கும் பாம்பிடமிருந்து அடைப்பை நீக்கும் மருந்து வந்திருக்கிறது. அதே வகை மருந்தான அப்சிக்சிமாப் ரத்தத்திலிருந்து அரை மணிக்குள் காணாமல் போனாலும், தட்டணுவை விடாமல் பிடித்துக்கொள்வதால் 24 முதல் 48 மணி நேரம் வேலை செய்யும்.

மீண்டும் மாத்திரைகளுக்கு வந்தால், கால் ரத்தக்குழாய் அடைப்புக்குக் கொடுக்கும் சிலோஸ்டசால் தற்காலிக வகை, 100 மி.கி. இரு வேளை, வெறும் வயிற்றில். 2 முதல் 4 நாளில் விலகிவிடும். இதயம் பலவீனமானவருக்குக் கூடவே கூடாது. பக்கவாதத்துக்குப் பிறகு ஆஸ்பிரினோடு தரும் டைபிரிடமோலும் தற்காலிக வகைதான். தலைவலிதான் அதன் தொல்லை.

ஒரே பிழை, இரண்டு இடங்களில்

நிரந்தரமாகப் பூட்டும் மருந்து சிறிது நேரமே ரத்தத்தில் இருக்கும். அந்த நேரத்தில் வேறொன்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றால், வந்த மருந்து பூட்டாமலேயே போய்விடும்.

ஐபுப்ரோஃபெனும் ஆஸ்பிரினும் சேரும்போது இதுதான் நடக்கிறது. மூட்டுவலிக்குப் போட்ட ஐபுப்ரோஃபென் காக்ஸ்-1 நொதியின் வாசலில் தற்காலிகமாக நிற்கிறது. அது விலகும்போது 20 நிமிட ஆஸ்பிரின் மிச்சமில்லை. அன்றைய ஆஸ்பிரின் வீண். மேலுறை இல்லாத ஆஸ்பிரினைப் போட்டு அரை மணி கழித்து ஐபுப்ரோஃபென் போடலாம், அல்லது ஐபுப்ரோஃபென் போட்டு 8 மணி நேரம் கழித்து ஆஸ்பிரின் போடலாம். மேலுறை உள்ள ஆஸ்பிரினில் எப்போது கரையும் என்று நிச்சயமில்லாததால் இந்தக் கணக்கை நம்ப முடியாது. வலி மாத்திரை வேண்டுமென்றால் பாராசிட்டமால் போதும்; மற்றவை இரைப்பையில் ரத்தக்கசிவையும் கூட்டும்.

கேங்க்ரெலாருக்கும் க்ளோபிடோக்ரெலுக்கும் இடையே அதே கதை. சொட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது க்ளோபிடோக்ரெலோ பிரசுகிரெலோ கொடுத்தால் ஏற்பியில் இடமிருக்காது. சொட்டை நிறுத்தியவுடனே கொடுக்க வேண்டும். டிகாக்ரெலார் நீண்ட நேரம் சுற்றுவதால் சொட்டின் நடுவிலேயே கொடுக்கலாம்.

மருந்து மாற்றும்போதும் இதே சிந்தனைதான். பிரசுகிரெலிலிருந்து க்ளோபிடோக்ரெலுக்கு, நாள்பட்ட நிலையில், கடைசி வேளைக்கு 24 மணி கழித்து 75 மி.கி.யே போதும், பழைய பூட்டு இன்னும் சில நாள் காவல் காக்கும். டிகாக்ரெலாரிலிருந்து போனால் அந்தக் காவல் இல்லை. ஆகவே 24 மணி கழித்து 600 மி.கி. கொடுப்பதே வழக்கம். ரத்தக்கசிவுக்காக மாற்றுகிறார்கள் என்றால் மட்டும் 75 மி.கி.யோடு தொடங்குவதுண்டு.

அறுவைக்கு முன் நாள் எண்ணும் முறை

"5 நாள் முன்னால் நிறுத்து" என்றால் பலர் தவறாக எண்ணுகிறார்கள். எண்ண வேண்டியது மாத்திரை இல்லாத முழு நாட்களை. அறுவை 15ஆம் தேதி என்றால்:

1. டிகாக்ரெலார், 3 நாள் என்று சொன்னால்: 12, 13, 14 மாத்திரை இல்லை. கடைசி வேளை 11ஆம் தேதி இரவு. சில இடங்களில் 5 நாள் கேட்பார்கள்.
2. க்ளோபிடோக்ரெல், 5 நாள்: 10 முதல் 14 வரை இல்லை. கடைசி மாத்திரை 9ஆம் தேதி.
3. பிரசுகிரெல், 7 நாள்: 8 முதல் 14 வரை இல்லை. கடைசி மாத்திரை 7ஆம் தேதி.
4. ஆஸ்பிரின்: ஸ்டென்ட் உள்ளவருக்குப் பெரும்பாலும் நிறுத்துவதில்லை. மூளை, தண்டுவடம் போல ஒரு துளி கசிந்தாலும் கேடாகும் இடங்களுக்கு மட்டும் சுமார் 7 நாள்.

முதுகில் ஊசி போட்டு மரக்கவைப்பதென்றால் மயக்க மருத்துவர் இன்னும் ஓரிரு நாள் கூட்டிக் கேட்கலாம். ஆஸ்பிரின் மட்டும் என்றால் அது தடையில்லை.

பல் பிடுங்க எதையும் நிறுத்த வேண்டியதில்லை. காலையில், வார முதல் நாட்களில் நேரம் வாங்குங்கள்; கசிந்தால் அன்றே திரும்பப் போக முடியும். பஞ்சுத் துணியை 30 நிமிடம் விடாமல் கடித்திருக்க வேண்டும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்ப்பதுதான் பலருக்குக் கசிவு நிற்காததற்குக் காரணம். தையலும், கசிவை நிறுத்த உதவும் ட்ரானெக்சாமிக் அமிலத்தில் நனைத்த துணியும் பல் மருத்துவரிடம் உண்டு.

நடைமுறையில் அதிகம் நடக்கும் விபத்து இது: ஒரே கேப்ஸ்யூலில் ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், கொழுப்பு மருந்து (ஸ்டாடின்) மூன்றும் இருக்கும். க்ளோபிடோக்ரெலை நிறுத்தச் சொன்னதும் அந்தக் கேப்ஸ்யூலை நிறுத்துகிறார்கள். ஆஸ்பிரினும் ஸ்டாடினும் சேர்ந்தே நின்றுவிடுகின்றன. ஸ்டென்ட் காவலின்றி நிற்கிறது. அட்டையின் பின்பக்கம் உள்ள மருந்துப் பெயர்களை எல்லாம் படித்துப் பார்த்து, "இதை நிறுத்தினால் ஆஸ்பிரினைத் தனியாகப் போடவா?" என்று கேளுங்கள். அதேபோல், நிறுத்திய நாட்களுக்குப் பதிலாக ஹெப்பாரின் ஊசி போட்டால் போதும் என்று நினைக்க வேண்டாம். அது தட்டணுவைத் தடுப்பதில்லை. அறுவையைத் தள்ளிப்போடவே முடியாத புது ஸ்டென்ட்காரருக்கு மருத்துவமனையில் கேங்க்ரெலாரைக் குறைந்த அளவில், நிமிடத்துக்குக் கிலோவுக்கு 0.75 மைக்ரோகிராம் என்று ஓடவிடுவார்கள்.

தள்ளிப்போடக்கூடிய அறுவை என்றால் தள்ளிப்போடுவதே மேல். மருந்து பூசிய ஸ்டென்ட் வைத்தவர், மாரடைப்பு இல்லாமல் வைத்ததென்றால் 6 மாதமும், மாரடைப்பில் வைத்ததென்றால் 12 மாதமும் இரட்டை மாத்திரை (ஆஸ்பிரினோடு க்ளோபிடோக்ரெல், பிரசுகிரெல், டிகாக்ரெலாரில் ஒன்று) எடுப்பது பொது வழக்கம். ரத்தக்கசிவு ஆபத்து உள்ளவருக்கு இதைக் குறைப்பார்கள்.

மீண்டும் தொடங்குவதில் ஒரு கண்ணி உண்டு. அறுவைக்கு மறுநாள் 75 மி.கி. க்ளோபிடோக்ரெல் போட்டவுடன் காவல் திரும்பிவிட்டதாக எண்ணக் கூடாது. முழுப் பலனுக்குச் சில நாள் ஆகும். முதல் வேளையைக் கூட்டிக் கொடுக்க வேண்டுமா என்பதை அறுவை மருத்துவரும் இதய மருத்துவரும் பேசி முடிவு செய்ய வேண்டும்.

ரத்தம் கசியும்போது

பல் துலக்கும்போது லேசாகக் கசிவதும், இடித்துக்கொண்டால் கன்றிப்போவதும் எதிர்பார்த்தவைதான். மூக்கில் ரத்தம் வந்தால் தலையைப் பின்னால் சாய்க்காமல் முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியை 10 முதல் 15 நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். தார் போல் கறுத்து, பிசுபிசுத்து, நாறும் மலம், ரத்த வாந்தி, தலையில் அடிபட்ட பின் வரும் தலைவலி, இவற்றுக்கு உடனே மருத்துவமனை. (இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும், ஆனால் பிசுபிசுப்பும் கெட்ட நாற்றமும் அதில் இருக்காது.)

அங்கே முதலில் கேட்பது கடைசி வேளை எப்போது என்பதுதான். ஆஸ்பிரினோ க்ளோபிடோக்ரெலோ என்றால், மருந்து ரத்தத்தை விட்டுப் போயிருக்கும். ஏற்றும் புதுத் தட்டணுக்கள் பூட்டப்படாமல் வேலை செய்ய வாய்ப்புண்டு. டிகாக்ரெலார் என்றால் சுற்றிக்கொண்டிருக்கும் மருந்து, ஏற்றிய தட்டணுக்களிலும் போய் உட்கார்ந்துகொள்ளும். அவருக்குத் தட்டணு ஏற்றுவதால் பெரும் பலன் கிடைக்காது, நேரம்தான் மருந்து.

மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தால் டெங்குவை நினைக்க வேண்டும். காய்ச்சலுக்காக ஆஸ்பிரினோ ஐபுப்ரோஃபெனோ யாரும் போடக் கூடாது. ஏற்கெனவே ஸ்டென்ட்டுக்காக ஆஸ்பிரின் சாப்பிடுகிறவர் தானாக நிறுத்தவும் கூடாது, அப்படியே தொடரவும் கூடாது. அன்றே ரத்தப் பரிசோதனையில் தட்டணு எண்ணிக்கையைப் பார்த்து, ஸ்டென்ட் எவ்வளவு புதியது என்பதையும் சேர்த்துத்தான் முடிவெடுப்பார்கள்.

இதற்கெல்லாம் ஒரு சிறு சீட்டு பணப்பையில் இருக்கட்டும்: ஸ்டென்ட் வைத்த தேதி, எத்தனை, மருந்து பூசியதா, மாத்திரைகளின் வேதிப் பெயரும் மி.கி. அளவும், எந்தத் தேதிவரை இரட்டை மாத்திரை, இதய மருத்துவரின் தொலைபேசி எண். நிறுவனம் வைத்த வணிகப் பெயர் மட்டும் எழுதினால் போதாது. ஒரே வணிகப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் உள்ளே இருக்கும் மருந்தும் மாறிவிடுகிறது.